பெட்டிசத்தில் உடைந்த குடம்

சிவமயம்

ஏழாம் வாய்க்கால்,
பரந்தன்.
12.5.1963

என் அன்பு மருமகள் ஜெகதீஸ்வரிக்கு உன் அம்மான் ஏரம்பு எழுதிக்கொள்வது.

இங்கே உன் அம்மா சுகம். நான் சுகத்துக்கும் ஒரு படி மேல். சிவலை மாடு மட்டும் முன்னங்கால் நொண்டுகிறது. ஆசிரியர் கலாசாலைச் சோற்றில் கல் கிடக்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னா. கேட்டுவிட்டேன். இனி நான் என் கதைக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில், மூன்று நாளில், வாசித்து முடித்தேன். உன் அம்மான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அதுவும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க நிலத்தில் இருந்து படித்த மூன்றாம் வகுப்பு. ஆனால் எழுத்து என்று வந்தால் என்னை வெல்ல இந்தக் குடியேற்றத்தில் ஆள் இல்லை. இரசாயனத் தொழிற்சாலை எஞ்சினியரே ஒருமுறை என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நான் எந்தக் கல்லூரி என்று கேட்டவர்.

அமெரிக்காவில் கறுத்த தோலோடு பிறந்த ஒரு பெண் தன் பிள்ளைப் பருவத்தை எழுதிய புத்தகம் என்று விளங்கிக்கொண்டேன். தகப்பன் ஐஸ்கட்டி சுமந்து விற்கிறவர். வெள்ளைக்காரர் வீட்டுக் குசினிக்குள் ஐஸ்கட்டி போகலாம், அதைச் சுமந்தவர் போகக்கூடாது. பள்ளிக்கூடம் வேறு, பஸ்ஸில் இருக்கும் இடம் வேறு, செத்தால் புதைக்கிற நிலமும் வேறு. ஒருநாள் அந்தப் பிள்ளை வெயில் தாங்காமல் கடைக்காரனின் தண்ணீர்ப் பம்பில் தானே கையை வைத்துவிட்டாள். அவன் வந்து அவள் வாளியைக் காலால் உதைத்தான். அந்த இடத்தை நீ எழுதியிருந்த விதத்தில் வாளி உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. பொய் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நீ எழுதிய இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரனின் பெயர் வருமென்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தாயாம். வரவில்லையாம். பெயரில்லாமல் விட்டதே அவனுக்கு அந்த அம்மா கொடுத்த தண்டனை என்று எழுதியிருக்கிறாய். இது என்ன தண்டனை பிள்ளை? பெயர் இல்லையென்றால் அவன் அந்தப் புத்தகத்தில் இரண்டு வாங்கித் தன் பேரப்பிள்ளைகளுக்கே பரிசாகக் கொடுப்பான்.

இன்னொன்று. “நம் நாட்டிலும் இத்தகைய சிறுமைகள் முன்னாளில் இருந்ததாகப் பெரியோர் கூறுவர்” என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். கூறுவராம்! உன்னிலும் பிழையில்லை. நீ வளர்ந்தது இங்கே. இங்கே காணிக்கு ஒரு கிணறு, யாரும் யாரிடமும் தண்ணீருக்குக் கையேந்தத் தேவையில்லை. பழைய ஊரில் நடந்த சிலதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னைப் புளியம்பொக்கணைக்குக் கூட்டிப்போய், நாகதம்பிரான் முன்னால் கர்ப்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறா. நீ பிறக்க முன்னர் நெல் அரிவி வெட்டுக்கு இந்தக் காட்டுப்பக்கம் வந்தபோது உன் அம்மாவின் நெற்றியைக் கீறிய கரடியை ஒற்றைக் கோடரியோடு முறிகண்டி வரைக்கும் துரத்தியவன் நான். கரடிக்குப் பயமில்லை. ஆனால் நாகதம்பிரானோடு விளையாட முடியாது.

சொல்லத்தானே கூடாது. செய்யக்கூடாது என்று சத்தியம் இல்லையே.

எங்களுக்குக் கீழே ஆறாவது வயல் தில்லைநாதன் என்பவருடையது. நீ கண்டிருப்பாய், கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைவர், வெள்ளை வேட்டி, வெள்ளி முனை வைத்த கைத்தடி. பழைய ஊரில் அவர் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று “நயினார்” என்று கூப்பிட்டவர்கள் நாங்கள். இப்போது இந்த வாய்க்காலின் தண்ணீர் முறை என் கையில். பயிர்ச்செய்கைக் குழுவுக்கு என்னை ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள், ஒரே ஒரு ஆள்தான் எதிர்த்தது. அது யார் என்று நீயே நினைத்துப் பார்.

இந்தச் சிறுபோகத்தில் அந்த ஆறாவது வயலுக்கு நான்கு நாள் தண்ணீரை மறித்தேன். நிலம் பாளம் பாளமாக வெடித்தது. அந்த மனிதர் வரம்பில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்ட சோற்றின் ருசி உனக்குச் சொன்னால் விளங்காது. ஐந்தாம் நாள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மண்வெட்டியோடு வந்து நின்று, “நெல்லு உனக்கு என்னடா செய்தது? திற” என்றா. திறந்தேன். அக்கா சொன்னால் திறக்கத்தான் வேண்டும்.

அப்போதுதான் உன் கட்டுரை வந்து சேர்ந்தது. தெய்வம் அனுப்பியது போல.

போன ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் நான் அதை உரத்து வாசித்தேன். நானூறு பேர். உள்ளே இடமில்லாமல் வேலியில் ஏறி இருந்தார்கள். தில்லைநாதன் வழமை போலக் கைபிடி வைத்த கதிரையில் பேப்பரோடு இருந்தார். வாளியை உதைக்கிற இடம் வந்ததும் நான் நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, திரும்பவும் அதே இடத்தை வாசித்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். எழும்பி, “உது எந்த ஊர்க் கதை?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்தான், அண்ணை.”

அண்ணை! நயினார் என்ற வாயால் அண்ணை! சனம் சிரித்த சிரிப்பில் அவர் ஒரு செருப்பை விட்டுவிட்டு நடந்துபோனார்.

நன்றாகப் படி. நாகதம்பிரான் உன்னைக் காப்பாற்றுவார்.

இப்படிக்கு,
உன்னால் தலை நிமிர்ந்த அம்மான்,
வீ. ஏரம்பு


சிவமயம்

ஏழாம் வாய்க்கால்,
பரந்தன்.
2.6.1963

கோபத்தோடு இருக்கும் மருமகளுக்கு,

உன் கடிதம் சுட்டது. எழுதியவளைக் கேட்காமல் ஊரைக் கூட்டி வாசிக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டிருக்கிறாய். நியாயம். நானூறு பேர் இல்லை, இருபத்துமூன்று பேர். அதில் நான்கு பேர் நித்திரை. செருப்பு இரண்டையும் அவர் போட்டுக்கொண்டுதான் போனார். சிரிப்பு மட்டும் உண்மை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதியதில் நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் “அமெரிக்கா” வந்த இடமெல்லாம் அதை விழுங்கிவிட்டேன். வெள்ளைக்காரரையும் விழுங்கி, “அவர்கள்” என்று வாசித்தேன். வாழ்நாள் முழுக்கக் கூட்டிச் சொல்லிப் பெயரெடுத்தவன், அன்றைக்குத்தான் குறைத்துச் சொன்னேன். அது செய்த வேலையைக் கேள்.

நான் உனக்கு எழுதிய அடுத்த நாளே தில்லைநாதன் கிளிநொச்சிக்குப் போய், அரசாங்கக் கந்தோர்ப் பக்கம் இருக்கிற பெட்டிசக்காரரைக் கொண்டு ஒரு பெட்டிசம், முறைப்பாட்டு மனு, எழுதுவித்தார். உங்கள் கலாசாலை அதிபருக்கு. மாணவி ஜெகதீஸ்வரி தன்னை இழிவுபடுத்திக் கட்டுரை எழுதி ஊரில் பரப்பியிருக்கிறாள், இப்படிப்பட்டவள் ஆசிரியையாக வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், விலக்க வேண்டும் என்று. பெட்டிசம் என்றால் கையெழுத்து வேண்டும். அதற்காக வீடு வீடாக அலைய அந்த மனிதருக்குக் கால் வராது. சங்கக்கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை, பங்கீட்டுக் கூப்பன் அரிசி கொடுக்கிற நாள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்துவிட்டு அரிசி வாங்கட்டும் என்று மனேச்சர் நடராசாவுக்குச் சொல்லியும் வைத்தார். வாசிக்காமல் கைநாட்டு வைக்கிற சனத்தை ஆண்டு பழகியவர். இந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுத்து வந்து பத்து வருடமாகிவிட்டது என்பது அவருக்கு ஞாபகமில்லை.

நான் இரண்டாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் இராசேஸ்வரி, உனக்குச் சோளம் பொரித்துத் தருவாவே, அவ. பேனையை வாங்கிக்கொண்டு, வைக்கிறதை வாசிச்சுப்போட்டு வைக்கிறன் என்றா. நடராசா தலையைச் சொறிந்துகொண்டு, வாசியுங்கோ அக்கா என்றான். அவ எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தா. அதில் இருந்ததை நான் மனப்பாடமாக எழுதுகிறேன், ஒரு புள்ளி கூட என்னுடையது இல்லை:

“மேற்படி மாணவியின் தாயார் இலட்சுமி, 1929ஆம் ஆண்டளவில் எனது கிணற்றடியில் குடத்தைத் தானாகவே தவறவிட்டு உடைத்தாரேயன்றி நான் அடித்து உடைக்கவில்லை என்பதையும், அவரது நெற்றியில் ஏற்பட்ட காயம் அவரது கவனயீனத்தால் ஏற்பட்டதே என்பதையும் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.”

இராசேஸ்வரி தலையைத் தூக்கி, “எந்தக் குடமப்பா? கட்டுரையிலை வாளியெல்லோ வந்தது?” என்று கேட்டா.

பின்னால் நின்றவர்கள் தாளைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மெல்ல விளங்கத் தொடங்கியது. பின்னால் நின்ற ஒருவர், “கேக்காததுக்கு மறுமொழி சொல்லுறார் பெரியவர்” என்றார். இன்னொருவர், “மடியிலை கனம் இருந்தால்தானே வழியிலை பயம்” என்றார். என் காது இரண்டும் சுட்டன. முப்பத்துநான்கு வருடம் நான் பூட்டி வைத்ததை அந்த மனிதர் தன் கையாலே, தன் செலவிலே, தன் பெயரும் தகப்பன் பெயரும் போட்டு எழுதி, அரிசி வரிசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! சத்தியத்தை நான் முறிக்கவில்லை பிள்ளை. நாகதம்பிரான் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

நான் பேனையை வாங்கினேன். அவருடைய கையெழுத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்:

“குடம் உடைந்தது உண்மை. நெற்றி வெடித்தது உண்மை. தானாக அல்ல. நான் அங்கே நின்றேன். வீ. ஏரம்பு.”

எனக்குக் கீழே இராசேஸ்வரி, “வாசித்து அறிந்தேன்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தா. அதற்குப் பிறகு வரிசையில் வந்த பத்தொன்பது பேரும் அதே இரண்டு சொல்லைத்தான் எழுதினார்கள். நடராசா அதை உறையில் போட்டு, தலைவர் பின்னேரத் தபாலில் சேர்க்கச் சொன்னவர், நான் சொன்னதைச் செய்கிறவன் என்று சொல்லிச் சேர்த்துவிட்டான். செய்தி அறிந்து தில்லைநாதன் பரந்தன் தபால் கந்தோருக்குச் சைக்கிளில் ஆள் விட்டார். தபால் பை போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் ஒரு பெயர். “குடத்தார்.” சங்கக்கடையில் குடத்தார், வாய்க்காலில் குடத்தார். நீ பெயரில்லாமல் விடுவது தண்டனை என்றாய். நான் பெயர் வைத்திருக்கிறேன். எது உறைக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் ஒரு யோசனையும் இருக்கிறது. அந்தப் பெட்டிசம் இப்போது உன் அதிபர் மேசையில் கிடக்கும். உனக்கு ஏதாவது கரைச்சல் வந்தால் உடனே எழுது. அம்மா இன்னும் ஒன்றும் அறியா. சங்கக்கடைக்குப் போக விடாமல் நானே கூப்பனை எடுத்துக்கொண்டு போகிறேன்.

தேறி வர வேண்டும், ஆசிரியையாக வர வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மான்


சிவமயம்

ஏழாம் வாய்க்கால்,
பரந்தன்.
16.6.1963

ஜெகதீசுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறைக்க வழியில்லை. வாய்க்காலில் புடைவை தோய்க்கப் போன இடத்தில் யாரோ “குடத்தார்” என்று சொல்லிச் சிரிக்க, அது என்ன பெயர் என்று கேட்டு, முழுவதையும் அறிந்துகொண்டு, ஈரப் புடைவையோடு வந்து என் முன்னால் நின்றா.

அதிபர் உன்னைக் கூப்பிட்டுப் பெட்டிசத்தைக் காட்டினார் என்றும், உன் கட்டுரையில் கிணறும் இல்லை குடமும் இல்லை என்பதை அவரே கண்டார் என்றும் எழுதியிருக்கிறாய். ஆனாலும் முறைப்பாடு முறைப்பாடுதானாம். மனம் நோகச் செய்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இத்தோடு முடிந்துவிடுமாம். இல்லாவிட்டால் விசாரணையாம், நியமனம் தள்ளிப் போகலாமாம். இருபத்தைந்தாம் திகதிக்கு முன் உன் பதிலை எழுத்தில் கேட்டிருக்கிறார்.

கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அம்மாவின் நெற்றியைக் கீறியது கரடிதானே, அம்மான்?

நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். அம்மா சொன்னா: “அவன் தில்லைநாதனே எழுதிப்போட்டான். இனி என்ன ஒளிப்பு? சொல்லு. கரடியை விட்டிட்டுச் சொல்லு.”

சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்குப் பன்னிரண்டு. எங்கள் ஆச்சிக்கு, உன் அம்மம்மாவுக்கு, காய்ச்சல். குடிக்கத் தண்ணீர் கேட்டா. எங்கள் குறிச்சியில் கிணறு இல்லை. அவர்களுடைய கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்களில் யாராவது வந்து, மனம் இருந்தால், அள்ளி ஊற்றுவார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து உச்சிவெயில் வரைக்கும் நின்றோம். வந்தவர்கள் தாங்கள் குளித்தார்கள், மாட்டுக்கு ஊற்றினார்கள், போனார்கள். ஒருவரும் எங்கள் குடத்துக்கு ஊற்றவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அம்மா துலாக்கொடியைப் பிடித்து ஒரு வாளி அள்ளிவிட்டா. குடத்தை நிரப்பித் தலையில் வைத்துத் திரும்பினா. தில்லைநாதன் பின்னால் நின்றார். கையில் பூவரசந் தடி. தலையில் இருந்த குடத்துக்கு அடித்தார். உடைந்த ஓடு வந்து நெற்றியைக் கிழித்தது. தண்ணீரும் இரத்தமும் சேர்ந்து இறங்கின.

பித்தளைக் குடம் இல்லை. மண்குடம். பழைய குடம், விளிம்பு உடைந்தது.

நான் அங்கே நின்றேன் என்று பெட்டிசத்தில் எழுதினேன். அது பொய். தடி ஓங்கியதும் ஓடிவிட்டேன். பனங்காணிக்குள் ஒளிந்திருந்துதான் பார்த்தேன். அம்மா தனியே நடந்து வீட்டுக்குப் போனா. ஆச்சி கேட்ட தண்ணீர் அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆச்சி செத்துப்போனா. காய்ச்சலால்தான். தண்ணீரால் இல்லை என்று வைத்தியரும் சொன்னார். ஆனாலும் கேட்ட தண்ணீர், பிள்ளை.

நீ நாலு வயதில் அம்மாவின் மடியில் இருந்து தழும்பைத் தடவி, இது என்ன என்று கேட்டாய். அம்மா என்னைப் பார்த்தா. அந்த நேரம்தான் கரடி காட்டுக்குள்ளிருந்து வந்தது. கோடரியும் வந்தது. நானும் துரத்தத் தொடங்கினேன். நீ கைதட்டினாய். பிறகு வருடா வருடம் அந்தக் கரடி பெரிதாகிக்கொண்டே வந்தது. முறிகண்டி வரைக்கும் நான் துரத்தியதாகச் சொன்ன வழி முழுவதும் உண்மையில் நான்தான் ஓடியது.

இப்போது உன் பதில். எனக்கு மனதில் இருப்பதை ஒளிக்கமாட்டேன். வருந்துகிறேன் என்று எழுதாதே. அந்த மனிதர் தன் வாசலில் கதிரை போட்டு, உன் மன்னிப்புக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுத் தொங்கவிடுவார். அதை நான் உயிரோடு இருந்து பார்க்கமாட்டேன். நடந்ததை எழுது. கிணறு, துலா, தடி, நெற்றி. அவர் பெயரை முழுதாக எழுது, தகப்பன் பெயரோடு, ஊரோடு. கடைக்காரனின் பெயர் இல்லாத புத்தகம் அந்த அம்மாவின் இஷ்டம். நீ எழுதுகிற ஒரு பக்கத்தில் பெயர் இருக்கட்டும். அவருடைய பிள்ளைகள் வாசிக்கட்டும். பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். எனக்கு அது போதும். அதற்குக் குறைந்தது போதாது.

எழுதினால் உனக்கு வேலை கிடைக்காமலும் போகலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன். இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி அம்மாவைக் கேட்டேன்: பிள்ளையின்ரை படிப்பெல்லே அக்கா, பேசாமல் விட்டிடச் சொல்லட்டோ? அம்மா எழும்பினா. அடுப்பை அணைத்தா. கையைக் கழுவித் துடைத்தா. நடராசாட்டைப் போய் மைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வா என்றா.

வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்தை முதலில் இருந்து வாசிக்கச் சொன்னா. நான் ஓடிய இடத்தைத் தாண்டி வாசிக்கப் பார்த்தேன். அதையும் வாசி என்றா. வாசித்தேன். அம்மா பெருவிரலை மையில் அமத்தினா.

கீழே இருப்பது மை ஊறியது என்று நினைத்துத் துடைத்துவிடாதே. உன் பதிலோடு இந்தத் தாளையும் சேர்த்துக் கொடு.

நாகதம்பிரான் உனக்கு முன்னாலும் பின்னாலும் வரட்டும்.

இப்படிக்கு,
வீ. ஏரம்பு
கண்டவன்

இலட்சுமி
பெருவிரல் அடையாளம்